பழைய டிராவல் டிரெய்லருக்கு ஸ்டெப்னி எங்கே வைப்பது: எடை பார்ப்பதிலிருந்து மாட்டிப் பழகுவது வரை

பழைய டிராவல் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீட்டு வண்டியை, வாங்கிச் சரிசெய்கிறவர்கள் ஸ்டெப்னியைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ஒழுகலை அடைத்து, பெயின்ட் அடித்து, மெத்தைக்கு உறை தைத்து எல்லாம் முடிந்தபிறகு, சரி, இந்தச் சக்கரத்தை எங்கே மாட்டுவது என்று சுற்றிப் பார்த்தால் கண்ணில் படுவது பின் பம்பர்தான். இரண்டு யூ போல்ட், ஒரு தகடு, மேலே ஒரு உறை, அரை மணி நேர வேலை. பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பழைய டிரெய்லரில் ஸ்டெப்னி வைக்க இருக்கிற இடங்களிலேயே அதுதான் மோசமான இடம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எந்த இடமாக இருந்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். இருபது கிலோவை அங்கே ஏற்றினால் டிரெய்லரின் சமநிலையும், பல வருடம் துருவைச் சாப்பிட்ட சட்டமும் தாங்குமா? டயர் வெடித்து டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்போது, மழையில், ஒற்றை ஆளாக அதை வெளியே எடுக்க முடியுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் அந்த இடம் சரி.

படி 1: முதலில் சக்கரமே சரியானதா என்று பாருங்கள்

டிரெய்லரோடு ஒரு பழைய ஸ்டெப்னியும் வந்திருந்தால் அதை நம்பாதீர்கள். இத்தனை வருடத்தில் யாராவது ஆக்சிலை மாற்றியிருப்பார்கள், ஸ்டெப்னியை மாற்றியிருக்க மாட்டார்கள். ஐந்து போல்ட் சக்கரத்திலேயே போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டம் 114.3 மி.மீ. விட்டத்திலும் உண்டு, 139.7 மி.மீ. விட்டத்திலும் உண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அதனால் ஜாக்கி போட்டுத் தூக்கி, இரண்டு பக்கமும் உண்மையிலேயே மாட்டிப் பாருங்கள். நட்டு உட்கார்ந்தால் மட்டும் போதாது, கையால் சுற்றிவிட்டு உள்பக்கம் பட்டை ஸ்பிரிங்கிலோ வெளிப்பக்கம் மட்கார்டிலோ டயர் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். சில பழைய ஆக்சில்களில் இடது பக்கப் போல்ட்டுகளுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். தெரியாமல் வழக்கம்போல் திருகினால் நட்டு கழலாது, இன்னும் இறுகும், கடைசியில் போல்ட்டே முறியும். போல்ட்டின் முனையில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கிறதா என்று இப்போதே துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் ‘டாட்’ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும்; 2319 என்றால் 2019-ன் இருபத்துமூன்றாவது வாரம். கடைசியில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர், பேச்சுக்கே இடமில்லை. ஓடாத டயருக்கும் வயதாகும், அதிலும் வெயிலில் தொங்கும் ஸ்டெப்னி சீக்கிரம் வெடிப்பு விடும். ஐந்து ஆறு வருடம் ஆனால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்கு டயர் வாங்கும்போது இரண்டாக வாங்காமல் மூன்றாக வாங்கிவிட்டால் மூன்றுக்கும் ஒரே வயது, ஒரே வகை, தொல்லை இல்லை. ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய பயாஸ் டயர் என்று கலக்கவே கூடாது, அந்த விதி ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்.

டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி வகை டயராக இருந்தால் பக்கவாட்டில் எழுதியிருக்கும் சுமை வகையைப் பாருங்கள். பொதுவாக ‘சி’ வகைக்கு 50 பிஎஸ்ஐ, ‘டி’ வகைக்கு 65. வேறு வேகக் குறியீடு இல்லாத எஸ்டி டயரை மணிக்கு 105 கி.மீ.க்கு மேல் ஓட்டக்கூடாது. காரின் ஸ்டெப்னி டிரெய்லருக்கும் சேர்கிறது என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். போல்ட் சேரலாம், சுமை சேராது.

படி 2: கொக்கிச் சுமையை எடைபோடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

டிரெய்லரின் முன்முனையில் இருக்கும் கப்ளர் என்ற கொக்கி, இழுக்கிற வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தை அமுக்குகிற எடைதான் கொக்கிச் சுமை. டிரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால், வேகத்தில் போகும்போது பெரிய லாரி ஒன்று கடந்தாலே டிரெய்லரின் பின்பக்கம் ஆடத் தொடங்கும், அந்த ஆட்டம் தானாக அடங்காமல் வளர்ந்துகொண்டே போகலாம். அதிகமானால் இழுக்கிற வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடிமானம் குறையும்.

வீட்டில் உடம்பு எடை பார்க்கும் மெஷினை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். கனமான ஒரு மரச்சட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையின் அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையில் வைத்து முட்டுக் கொடுங்கள். மறுமுனையின் அடியில் எடை மெஷின், அதன் மேலும் ஒரு சின்னக் குழாய். இரண்டு குழாய்க்கும் நடுவே 90 செ.மீ. தூரம் இருக்கட்டும். கப்ளரைத் தரைக் குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி, அதாவது மெஷினிலிருந்து 60 செ.மீ. தூரத்தில், சட்டத்தின் மேல் இறக்குங்கள். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் கொக்கிச் சுமை. வெறும் சட்டம் மட்டும் இருக்கும்போது மெஷின் காட்டிய எடையை முதலில் கழித்துவிட வேண்டும். டிரெய்லர் சமதளத்தில், வழக்கமாக இழுக்கும் உயரத்தில், சக்கரங்களுக்குக் கட்டை வைத்து நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர், பாத்திரம் என்று பயணத்தில் இருப்பதெல்லாம் உள்ளேயே இருக்கட்டும், காலி டிரெய்லரை எடைபோட்டு ஒரு பயனும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1000 கிலோ டிரெய்லர், கொக்கிச் சுமை 100 கிலோ. ஆக்சிலிலிருந்து கப்ளர் 3.5 மீட்டர் முன்னே, பம்பர் 2.5 மீட்டர் பின்னே. இருபது கிலோ ஸ்டெப்னியைப் பம்பரில் மாட்டினால் அது நெம்புகோலாக முன்பக்கத்தைத் தூக்கும்: 20 × 2.5 ÷ 3.5, சுமார் 14 கிலோ. 100 கிலோ 86 ஆகிவிடுகிறது, மொத்த எடை 1020, அதாவது 8.4 சதவீதம். பத்தில் இருந்த டிரெய்லர் ஒரே ஒரு சக்கரத்தால் எல்லைக்கு வெளியே போய்விட்டது. அதே சக்கரத்தை முன்பக்கத்தில், கப்ளருக்கு 70 செ.மீ. பின்னால் மாட்டினால் 16 கிலோ கூடும், 11.4 சதவீதம் வரும். நிம்மதி.

இன்னொன்றும் உண்டு. டிரெய்லர் ஒருமுறை ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டத்துக்கு எடை கொடுக்கும் பலம் தூரத்தின் வர்க்கத்தில் கூடும். ஆக்சிலுக்கு அரை மீட்டரில் இருக்கும் சக்கரத்தை இரண்டரை மீட்டருக்குக் கொண்டுபோனால் தூரம் ஐந்து மடங்குதான், விளைவு இருபத்தைந்து மடங்கு. முன்பக்கத்துக்கும் இது பொருந்தும் என்றாலும், அங்கே கொக்கிச் சுமை கூடுவதால் ஆட்டம் தொடங்குவதே கடினம்.

படி 3: சட்டத்தைத் தட்டிப் பாருங்கள்

டிரெய்லருக்கு அடியில் படுத்து, ஒரு கூரான ஸ்க்ரூடிரைவரும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சத்தம் கொடுக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும், செதில் செதிலாக உதிரும். பம்பர் சட்டத்தோடு சேரும் வெல்டிங், ஆக்சில் தொங்கும் பிராக்கெட், கப்ளரை நோக்கி ‘ஏ’ எழுத்து மாதிரி கூம்பும் முன் ‘ஏ’ சட்டம் உடலுக்குள் நுழையும் இடம், இந்த மூன்றிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். விரிசலிலிருந்து துருக் கோடு ஒன்று கீழே வழிந்திருக்கும், பெரும்பாலும் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

பழைய ஏர்ஸ்ட்ரீம் மாதிரி அலுமினிய டிரெய்லர் என்றால் ஒரு சோதனை அவசியம். ஒருவர் பின் பம்பரில் ஏறி நின்று மெதுவாகக் குதிக்க, இன்னொருவர் உடல் பம்பரைச் சந்திக்கும் கோட்டை உற்றுப் பார்க்க வேண்டும். பம்பர் இறங்கும்போது உடல் கூடவே இறங்காமல் இடைவெளி விட்டால், உள்ளே தரைப் பலகை அழுகி, உடல் சட்டத்தைவிட்டுப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வகை டிரெய்லர்களில் இது பேர்போன வியாதி. ஸ்டெப்னி வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.

படி 4: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

*இழுக்கிற வண்டிக்குள்.* இடம் இருந்தால் என் முதல் ஓட்டு இதற்குத்தான். டிரெய்லரின் சமநிலை துளியும் மாறாது, வெயில் படாது, துருப்பிடித்த சட்டத்தில் ஓட்டை போட வேண்டாம். பிக்கப் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கொக்கிச் சுமையும் ஸ்டெப்னியும் சேர்ந்து அந்த வண்டியின் சுமை அளவில்தான் கணக்காகும் என்பதை மறக்காதீர்கள். ராட்செட் பெல்ட் போட்டு, இரும்பு வளையத்தில் கட்டியாக வேண்டும். அவசர பிரேக்கில் இருபது கிலோ சக்கரம் சீட்டின் முதுகைப் பார்த்து வரும். எல்லா மூட்டைக்கும் அடியில் புதைத்துவிடாதீர்கள். கூரைக் கேரியர் வேண்டாம், தலைக்கு மேலிருந்து தனியாளாக இறக்கிப் பாருங்கள், புரியும்.

*முன் ‘ஏ’ சட்டத்தில்.* பழைய டிரெய்லருக்கு இது இரண்டாவது நல்ல இடம். 205/75 ஆர்14 டயர் ஏறக்குறைய 66 செ.மீ. விட்டம், 20 செ.மீ. தடிமன். அட்டையில் அதே அளவு வட்டம் வெட்டி, சிலிண்டருக்கும் ஜாக்கிக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். பார்க்க வேண்டியவை: முன் ஜாக்கியின் கைப்பிடி முழுச் சுற்று சுற்றுகிறதா, சிலிண்டர் வால்வைச் சட்டென்று மூட முடிகிறதா, முன் ஜன்னல் திறக்கிறதா, இழுக்கிற வண்டியின் பின்கதவு இறங்கும்போது இடிக்கிறதா. அப்புறம் ஒரு காலியான மைதானத்தில் இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்புங்கள், ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் சமதளத்தில் ஒரு ஜாண் விலகியிருக்கும் சக்கரம் அங்கே வண்டியின் பம்பரைத் தொட்டுவிடும். கொக்கிச் சுமை ஏற்கெனவே 14 சதவீதத்தைத் தொட்டிருந்தால் இந்த இடம் உங்களுக்கு இல்லை.

*சட்டத்துக்கு அடியில்.* ஆக்சிலுக்குச் சற்று முன்னால், இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே ஒரு தொட்டில் மாதிரி தொங்கவிடுவது. எடைக்கு அருமையான இடம். எடுப்பதற்குத்தான் தலைவலி. டயர் காலியானதும் சட்டம் தாழ்ந்துவிடும், பழைய டிரெய்லர்கள் முதலிலேயே தாழ்வு. அதனால் செய்யும்போதே அந்த நிலைமையை உருவாக்கிப் பாருங்கள்: ஒரு பக்கச் சக்கரத்தின் காற்றை இறக்கிவிட்டு, தொட்டிலை இறக்கி, போக்குவரத்து ஓடாத பக்கமாகச் சக்கரத்தை உருவ முடிகிறதா? முடியாவிட்டால் அங்கே வைத்து என்ன பயன்? தொட்டிலைத் தாங்கும் போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் சேற்றிலும் உப்பிலும் இறுகி, தேவைப்படும் அன்றைக்கு அசையாது. ஒரே போல்ட்டை நம்பாமல் கூடவே ஒரு இரும்புக் கம்பி வடத்தை மாட்டுங்கள்.

*டிரெய்லருக்கு உள்ளே.* ஆக்சிலுக்கு நேர்மேலே, தரையில் படுக்கவைத்தால் சமநிலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். கட்டும் வளையத்தின் போல்ட் தரைப் பலகையோடு நிற்காமல் அடியிலுள்ள இரும்புச் சட்டம்வரை போக வேண்டும். பழைய பிளைவுட் அரைகுறையாக ஊறியிருக்கும், இழுத்தால் வளையத்தோடு பிய்ந்துவரும். ரப்பர் வாசனை உள்ளே தங்கும், ஹீட்டர் பக்கத்தில் வைக்கக் கூடாது, இரவில் படுக்கையை விரிக்கும்போதெல்லாம் நகர்த்த வேண்டியிருக்கும். குட்டி டிரெய்லரில் குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டாவது நாளே சலித்துவிடுவார்கள்.

*பின் பம்பரில்.* கழிவுநீர்க் குழாய் வைக்கிற அந்தச் சதுரப் பெட்டி பம்பர் மெல்லிய தகடு, இரண்டு முனையில் மட்டும் வெல்டிங் பிடித்திருக்கும். சக்கரம் அதன்மேல் நேராக உட்காருவதில்லை, ஒரு ஜாண் வெளியே தள்ளித் தொங்குகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் பம்பரை முறுக்குகிறது. விரிசல் வெல்டிங்கின் ஓரத்தில் தொடங்கும். சட்டம் நன்றாக இருந்து, பம்பரிலிருந்து மூலச் சட்டத்துக்குத் தனி இரும்புத் தாங்கல் கொடுத்து, மேலே சொன்ன எடைக் கணக்கும் 10 சதவீதத்துக்குக் குறையாமல் வந்தால் மட்டும் செய்யுங்கள். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது.

பின்சுவரிலேயே திருகி மாட்டுவது என்று ஒன்று உண்டு, அதை நினைக்கவே வேண்டாம். அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் இருப்பது விரல் தடிமன் மரக் குச்சிகள்தான். ஆடி ஆடி ஓட்டை பெரிதாகும், தண்ணீர் இறங்கும், மீதியைக் கரையான் வேலை மாதிரி அழுகல் பார்த்துக்கொள்ளும்.

படி 5: மாட்டுவது

‘ஏ’ சட்டத்தில் மாட்டுவதாக வைத்துச் சொல்கிறேன். சட்டத்தில் ஓட்டை போடாமல் யூ போல்ட்டால் கவ்வும் வகைத் தாங்கியே நல்லது. சட்டம் ‘சி’ எழுத்து வடிவ இரும்பாக (சி சேனல்) இருந்தால் அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும்தான் பளுவைச் சுமக்கின்றன, அங்கே ஓட்டை போட்டாலோ குறுக்கே வெல்டிங் கோடு இழுத்தாலோ அந்த இடத்திலிருந்துதான் விரிசல் விடும். ஓட்டை தவிர்க்கவே முடியாது என்றால் சேனலின் பக்கவாட்டுச் சுவரின் நடுவில் போடுங்கள்.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்தபிறகு தாங்கியை வையுங்கள். யூ போல்ட் பிரேக் வயரையோ கேஸ் குழாயையோ நசுக்குகிறதா என்று அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்தான் அது ஓடும். நைலான் பிடிப்புள்ள நட்டு போடுங்கள், இல்லாவிட்டால் இரட்டை நட்டு. சக்கரத்தைத் தாங்கியில் ஏற்றும்போது காற்று வால்வு வெளியே பார்த்தபடி இருக்கட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் வால்வு உள்பக்கம் போய்விட்டால் காற்றுப் பார்க்கச் சக்கரத்தையே கழற்ற வேண்டும் என்பதால் யாரும் காற்றே பார்க்க மாட்டார்கள். பாதி ஸ்டெப்னிகள் தேவைப்படும் அன்று காலியாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம்.

கையால் பிடித்து நன்றாக உலுக்குங்கள். டிரெய்லரே ஆட வேண்டும், சக்கரம் தனியாக ஆடக் கூடாது. முதல் பயணத்தில் முதல் நிறுத்தத்திலேயே யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டியிருக்கும், பெயின்ட் நசுங்கி இளகிக் கொடுக்கும்.

பூட்டு போட்டால் சாவியை டிரெய்லருக்குள் வைக்காமல் வண்டிச் சாவியோடு சேர்த்துவிடுங்கள். வெயில் படும் இடமென்றால் உறை கட்டாயம். அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் படி 2-க்குத் திரும்பிப் போய் மறுபடி எடை. காகிதக் கணக்கு வேறு, மெஷின் காட்டுவது வேறு.

படி 6: ஒருமுறை மாற்றிப் பாருங்கள்

வீட்டு வாசலில், பகலில். பஞ்சர் ஆகிறதாக நினைத்து ஒரு சக்கரத்தின் காற்றை முழுக்க இறக்குங்கள். காற்றிறங்கிய நிலையில் ஜாக்கி அடியில் நுழைகிறதா என்பதுதான் முதல் கேள்வி. பல ஜாக்கிகள் நுழையாது, அப்போது தடிமனான பலகை ஒன்றைத் தயாராக வைத்து, அந்தச் சக்கரத்தை அதன்மேல் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

டிரெய்லரை வண்டியிலிருந்து கழற்றாமல், ஹேண்ட்பிரேக் போட்டு, மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே அரைச் சுற்று இளக்குங்கள். ஜாக்கியை மூலச் சட்டத்தில், ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் கொடுங்கள், நடுவே ஒரு மரத்துண்டு வைத்து. ஆக்சில் குழாயின் நடுவில் கொடுத்தால் வளையும். நான்கு மூலையிலும் இருக்கும் நிலைநிறுத்தும் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், டிரெய்லரைத் தூக்க அல்ல.

பழைய டிரெய்லர்களில் மட்கார்டு சக்கரத்தின் பாதியை மூடியிருக்கும். காலி டயர் சுலபமாக வெளியே வந்துவிடும், காற்றடித்த ஸ்டெப்னி உள்ளே நுழையாது. ஆக்சில் முழுதும் தொங்கும்வரை சட்டத்தை இன்னும் தூக்க வேண்டும், அப்படியும் முடியாவிட்டால் ஸ்டெப்னியின் காற்றைக் கொஞ்சம் குறைத்து நுழைத்து, மாட்டிய பிறகு அடித்துக்கொள்ளலாம். அதற்கு பம்ப் கையில் வேண்டும். இதெல்லாம் வாசலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம், நெடுஞ்சாலை ஓரத்தில் அல்ல.

நட்டுகளை நட்சத்திர வரிசையில், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக இறுக்குங்கள். அரை அங்குலப் போல்ட்டுக்குப் பொதுவாக 120 முதல் 160 நியூட்டன் மீட்டர் கேட்பார்கள், உங்கள் ஆக்சிலுக்கும் ரிம்முக்கும் சொன்ன அளவு தெரிந்தால் அதுவே முடிவு. மாட்டியபிறகு 15, 40, 80 கி.மீ. ஓடியதும் நின்று, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், மூன்று தடவையும்.

ஜாக்கி, பலகை, கட்டைகள், டிரெய்லர் நட்டுக்குச் சேரும் வீல் ஸ்பேனர், கையுறை, பம்ப், ஒளிரும் முக்கோணம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வண்டிக்குள் வையுங்கள். டிரெய்லரின் பின்பெட்டியில் வைத்தால் சாய்ந்துகிடக்கும் டிரெய்லரில் கதவு திறக்காமல் மாட்டிக்கொள்ளலாம். வண்டியின் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பெரும்பாலும் சேராது.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஓடுகிற சக்கரங்களுக்குக் காற்றுப் பார்க்கும்போதே ஸ்டெப்னிக்கும் பாருங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது, பக்கவாட்டில் எழுதிய முழு அளவுக்கு. வருடத்துக்கு ஒருமுறை உறையைக் கழற்றி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, தாங்கியின் வெல்டிங்கைத் துடைத்துப் பார்த்து, தாங்கியின் போல்ட் மரைக்குக் கிரீஸ் வைத்தால் போதும்.